செங்கோட்டை மலைப்பாதை வீட்டுக்குள்: மாடல் ரயிலைப் பராமரித்து முறைப்படி செஷன் நடத்த முழுமையான வழிகாட்டி

மாடல் ரயில் லேஅவுட் ஒன்றை, அதாவது தண்டவாளமும் ஸ்டேஷனும் மலையுமாக ஒரு சின்ன ரயில் உலகத்தை, வீட்டில் கட்டுகிறவர்களில் பாதிப் பேர், ரயிலை வட்டமடிக்க விட்டுப் பார்த்து, சில மாதங்களில் அலுத்துப்போய் மேலே துணியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அலுப்புக்குக் காரணம் ரயில் அல்ல. அந்த ரயில் எங்கே போகிறது, எதற்குப் போகிறது, எதிரே வரும் வண்டிக்கு யார் வழிவிடுவது என்ற கேள்விகள் அந்த மேஜையில் எழுவதே இல்லை என்பதுதான். நாலைந்து பேர் கூடி, ஒருவர் ஸ்டேஷன் மாஸ்டராக, ஒருவர் லோகோ பைலட்டாக, ஒருவர் கண்ட்ரோலராக உட்கார்ந்து, டைம்டேபிள்படி வண்டிகளை நடத்துவதை ஆப்பரேட்டிங் செஷன் என்கிறோம். 1930, 40களிலேயே அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் என்பவர் தன் வீட்டு லேஅவுட்டில் இதைச் செய்துகாட்டிப் பரப்பினார். நமக்கோ பாடம் வாசலிலேயே இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மலையைக் குடைந்து போகும் ஒற்றைப்பாதையில் நடக்கும் வேலையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பராமரிப்பு ஒரு வேலை, செஷன் இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்காதீர்கள். பெட்டி தடம்புரண்டுகொண்டே இருந்தால் டைம்டேபிள் வெறும் காகிதம். செஷனே நடத்தாவிட்டால், லேஅவுட்டில் எது கெட்டிருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் பாதி தண்டவாளத்தைப் பற்றியது, மீதி வண்டி நடத்துவதைப் பற்றியது.

எந்தக் காலம், எத்தனை ஸ்டேஷன்

இந்தப் பாதை 1904இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டது. அன்று செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010இல் மலைப்பகுதியில் வண்டிகள் நிறுத்தப்பட்டு, 2018இல் மறுபடி முழுதாக ஓடத் தொடங்கின. உங்கள் லேஅவுட் இந்த இரண்டு காலங்களில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கொல்லம் மெயிலும் ஒய்.டி.எம்.-4 என்கிற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சினும் கைகாட்டி மரமும் ஒரு உலகம். பாலருவி எக்ஸ்பிரஸும் வண்ண விளக்கு சிக்னலும் இன்னொரு உலகம். இரண்டையும் கலந்தால் டைம்டேபிள் எழுதும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

அளவு விஷயத்தில், எச்.ஓ. என்கிற 1:87 அளவே இங்கு பெரும்பாலோர் எடுப்பது. அதன் 16.5 மி.மீ. தண்டவாளம் நம் 1,676 மி.மீ. அகலப்பாதைக்குச் சற்றுக் குறுகல்தான். கணக்குப்படி 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். எஞ்சினும் பெட்டியும் கடையில் கிடைக்கும் என்பதால் அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். மீட்டர் கேஜைச் சரியாகக் காட்ட விரும்புகிறவர்கள் 12 மி.மீ. பாதைக்குப் போகலாம். ஆனால் இந்திய வண்டிகளைப் பெரும்பாலும் கையால் கட்டவேண்டியிருக்கும். முதல் லேஅவுட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் ஏறத்தாழ 50 கி.மீ. அதை 1:87இல் அப்படியே போட 570 மீட்டர் தண்டவாளம் வேண்டும். அது நடக்காது. பகவதிபுரம், ஆரியங்காவு, இடப்பாளையம், கழுத்துருட்டி, தென்மலை, ஒற்றக்கல், இடமண் எல்லாவற்றையும் வைக்க ஆசைப்படாமல் நாலே ஸ்டேஷன் எடுங்கள்: செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, புனலூர். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே மாநில எல்லையைக் கடக்கும் குகை ஒன்று, கழுத்துருட்டிப் பதிமூன்று கண் பாலம் ஒன்று. இரண்டு கோடியிலும் பார்வைக்குத் தெரியாத மறைவு யார்டு கட்டாயம். ஒன்று தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக்கு. மற்றது கொல்லம் பக்கத்துக்கு. வண்டிகள் வெளியுலகிலிருந்து வந்து வெளியுலகத்துக்குப் போகவேண்டும். மறைவு யார்டு இல்லாத லேஅவுட்டில் செஷன் நடத்துவது மிகவும் கடினம்.

ஏற்றம் 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதாவது மீட்டருக்கு 2 செ.மீ. ஐ.சி.எஃப். (பெரம்பூர் தொழிற்சாலையில் கட்டும் வகை) பயணிகள் பெட்டி இந்த அளவில் 24 செ.மீ.க்கு மேல் நீளம் வரும். வளைவின் ஆரம் 60 செ.மீ.க்குக் குறைந்தால் பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துச் சாய்க்கும்; 75 செ.மீ. கிடைத்தால் நிம்மதி. குகைக்குள் கை போக வழி வையுங்கள். மலையின் மேல்மூடி கழற்றக்கூடியதாகவோ, பின்பக்கம் திறந்ததாகவோ இருக்கட்டும். தடம்புரள்வது எப்போதும் கைக்கு எட்டாத இடத்தில்தான் நடக்கும்.

முதல் படி: தண்டவாளத்தைத் தடவிப் பாருங்கள்

கண்ணை விட விரல் நம்பகமானது. சுட்டுவிரல் நுனியால் ஒவ்வொரு இணைப்பையும் தடவிக்கொண்டே போங்கள். நகத்தில் எங்காவது தட்டினால் அங்கே சக்கரமும் தட்டும். தட்டும் முனையை மெல்லிய அரத்தால் உள்பக்கமும் மேல்பக்கமும் லேசாகச் சரிவாக்குங்கள். பிறகு கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலிருந்து நேராகத் தெரியும் பாதையில் எத்தனை நெளிவு இருக்கிறது என்று அப்போது தெரியும்.

நம் ஊர்ப் பருவம் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. ஜூன் மாதம் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்திலிருந்து தென்மலை வரை காற்றே ஈரம். அப்போது பிளைவுட்டும் மரச்சட்டமும் உப்பி விரியும், தண்டவாள இணைப்புகளில் இடைவெளி கூடும். பங்குனி, சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கும், அதே சமயம் வெயிலில் தண்டவாளம் நீளும். 10 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்பம் கூடினால் 3 மி.மீ. அளவுக்கு நீளும். மரம் ஒரு பக்கம் நெருக்க, உலோகம் ஒரு பக்கம் நீள, பாதை பாம்பாக நெளிவது கோடையில்தான். ஆகவே எல்லா இணைப்புகளையும் சால்டர் வைத்து ஒட்டிவிடாதீர்கள். வளைவில் வரும் இணைப்புகளை ஒட்டுங்கள். நேர்ப்பாதையில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஓர் இணைப்பைச் சும்மா விட்டு, தபால் அட்டை நுழையும் அளவு இடைவெளி வையுங்கள். பாதை போடும் வேலையை மழைக்காலத்தில் செய்தால் இடைவெளி இன்னும் தாராளமாக இருக்கட்டும், ஏனென்றால் கோடையில் அது குறையத்தான் போகிறது. மரச்சட்டத்தை எல்லாப் பக்கமும், அடிப்பக்கம் உட்பட, பெயின்ட்டோ வார்னிஷோ அடித்து மூடினால் இந்த ஆட்டம் பெரிதும் அடங்கும். கரையான் பிரச்சினை உள்ள வீடுகளில் சட்டத்தின் கால்களை மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

அழுக்கு நீக்குவதில் ஆளுக்கு ஒரு முறை உண்டு. நான் உறுதியாகச் சொல்வது இரண்டு. மணல்தாள் வேண்டாம். அது போடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். இரண்டாவது, எதைக் கொண்டு துடைத்தாலும் கடைசியில் காய்ந்த பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்து எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், சீக்கிரம் காயும். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத தீப்பொறி பறந்துகொண்டே இருப்பதால்தான் கருப்புப் படிவு வருகிறது. ஆகவே ஒருநாள் துடைத்தால் தீர்ந்தது என்று இருக்கமுடியாது; ஒவ்வொரு செஷனுக்கும் முந்தைய நாள் துடைக்கவேண்டும். கிராஃபைட் தடவும் வழக்கம் உள்ளவர்கள் மலை ஏற்றத்தில் மட்டும் அதைத் தவிருங்கள். பிடிமானம் குறைந்து எஞ்சின் சறுக்கும். துடைக்கும்போது அறையில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

பல்லி எச்சம் சின்ன விஷயம் போலத் தோன்றும். காய்ந்துவிட்டால் அது கரண்டையும் தடுக்கும், சக்கரத்தையும் தூக்கும். லேஅவுட்டுக்கு மேலே ட்யூப்லைட் இருந்தால் அதற்கு நேர் கீழே தினமும் பாருங்கள்.

இரண்டாம் படி: கரண்ட்

தண்டவாளமே கரண்டை நெடுக எடுத்துப் போகும் என்று நம்பாதீர்கள். இணைப்புத் தகடுகள் நம் ஈரக்காற்றில் சீக்கிரம் மங்கிவிடும். மேஜைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. வீட்டு வயரை இரண்டு நிறத்தில் நெடுக ஓட்டுங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் வயர்தான். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு சின்னக் கிளை வயர் மேலே போகட்டும். சுமார் மீட்டருக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கிளை வயர் ஒரு சாணுக்கு மேல் நீளவேண்டாம்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தண்டவாளம் வழியாகவே தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறை வைத்திருப்பவர்கள் நாணயச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்தால் தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பூஸ்டர் அந்த நொடியே அதை நிறுத்தவேண்டும். நாணயம் சூடாகும் வரை நிற்காமல் இருந்தால் அந்த இடத்துக்கு வரும் வயர் போதவில்லை என்று பொருள். மீட்டருக்கு ஒருமுறை, கடைசி சைடிங் (வேகன் நிறுத்தும் கிளைப்பாதை) முனை வரை இதைச் செய்து பாருங்கள். வண்டி தடம்புரண்டு ஷார்ட் ஆகும்போது எஞ்சினுக்குள் இருந்து கட்டளைகளைப் படிக்கும் டிகோடரைக் காப்பாற்றுவது இந்தச் சோதனைதான்.

பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்ட்ஸ் ஒவ்வொன்றிலும் மூன்று இடம் பாருங்கள்: நாக்குத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டுகிறதா, நடுவே இரண்டும் வெட்டிக்கொள்ளும் ஃப்ராக் முனைக்குக் கரண்ட் வருகிறதா, அதன் எதிரே உள்ள காவல் தண்டவாளத்தின் இடைவெளியில் சரளைக்கல் ஒட்டியிருக்கிறதா. எஞ்சின் பாயிண்ட்ஸ் மேல் தயங்கி நின்றால் பெரும்பாலும் காரணம் இரண்டாவது.

இந்தப் பக்கம் மழை நாளில் கரண்ட் போவது வழக்கம். வீட்டு இன்வெர்ட்டரில் பூஸ்டரையும் ஒரு விளக்கையும் சேர்த்துவிட்டால் செஷன் நடுவில் நிற்காது.

மூன்றாம் படி: சக்கரம், எடை, கப்ளிங்

ஒவ்வொரு பெட்டியும், ஒவ்வொரு வேகனும் இந்த மூன்று சோதனையில் தேறியபின்தான் பாதையில் ஏறவேண்டும். இதில் இரக்கம் காட்டக்கூடாது.

சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே உள்ள தூரம் எச்.ஓ.வில் சுமார் 14.5 மி.மீ. இருக்கவேண்டும். குறைந்தால் பாயிண்ட்ஸில் ஏறிக் குதிக்கும், கூடினால் சிக்கும். என்.எம்.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் அளவுகோல் தகடு ஒன்று வாங்கிவிட்டால் சக்கரம், தண்டவாளம், பாயிண்ட்ஸ் மூன்றையும் அதிலேயே பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் சக்கரம் அழுக்கைச் சேர்த்துப் பாதை முழுதும் பரப்பும். கையில் காசு வரும்போதெல்லாம் ஒரு சில வேகன்களாக உலோகச் சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டே வாருங்கள்.

எடைக்கு என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைக்கும் கணக்கு எளிது: எச்.ஓ.வில் அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் கணக்கில், 15 செ.மீ. வேகன் 113 கிராம் சுமார் இருக்கவேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் உள்ளே இரும்பு வாஷர் ஒட்டுங்கள், முடிந்தவரை தரைக்குத் தாழ்வாக. மலைப்பாதை லேஅவுட்டில் எடையைவிட எடையின் ஒழுங்கு முக்கியம். கனமான வேகன்கள் முன்னும் பின்னும் இருக்க நடுவில் ஒரு லேசான வேகன் மாட்டினால், பேங்கர் என்கிற துணை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது அது வளைவில் உள்பக்கமோ வெளிப்பக்கமோ பிதுங்கி வெளியேறும்.

பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று உயர அளவுகோலில் பாருங்கள். கடைசியாக ஒரு கடுஞ்சோதனை: முழு வண்டியையும் எஞ்சினைப் பின்னால் வைத்து, லேஅவுட் முழுதும் தள்ளிக்கொண்டு போங்கள். முன்னோக்கி இழுக்கும்போது ஒளிந்திருக்கும் எல்லாக் கோளாறும் தள்ளும்போது வெளியே வந்துவிடும்.

ரயில்வேயில் கோளாறான வேகனைச் சிக் என்று எழுதி, தனியே சிக் லைனில் தள்ளிவிடுவார்கள். நம் லேஅவுட்டிலும் ஒரு சிக் லைன் வேண்டும். பாதையில் ஒரு சைடிங்காக இருக்கலாம், மேஜைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியாகவும் இருக்கலாம். ஒரே செஷனில் இரண்டுமுறை தடம்புரண்ட வேகன் மூன்றாவது முறைக்குக் காத்திராமல் அங்கே போகவேண்டும்.

நான்காம் படி: எஞ்சினும் பேங்கரும்

எஞ்சின் சக்கரத்தைத் துடைக்கச் சுலபமான வழி: ஆல்கஹால் நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, எஞ்சினின் ஒரு போகியை (அடியில் உள்ள சக்கரத் தொகுதியை) அதன்மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுங்கள். துணியில் கருப்புக் கோடு விழும். பிறகு திருப்பி வைத்து மற்றப் போகியை. எண்ணெய் விடும்போது பிளாஸ்டிக்கைக் கெடுக்காதது என்று போட்டிருக்கும் எண்ணெயாகப் பார்த்து, ஊசிமுனை அளவு, அச்சு முனைகளிலும் பற்சக்கரங்களிலும் மட்டும் விடுங்கள். வழிந்த எண்ணெய் நேரே தண்டவாளத்துக்குத்தான் வரும்.

இந்த மலையில் வண்டிகள் பின்னால் ஒரு பேங்கர் எஞ்சின் தள்ள ஏறுவதை நாம் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். அதை லேஅவுட்டில் காட்டுவதில் உள்ள சந்தோஷம் தனி. ஆனால் முன் எஞ்சினும் பின் எஞ்சினும் ஒரே வேகத்தில் ஓடவேண்டும். ஒரு மீட்டர் தூரத்தைப் பாதையில் குறித்துக்கொண்டு, ஸ்டாப்வாட்சால் இரண்டையும் தனித்தனியே ஓட்டி நேரம் எடுங்கள். மணிக்கு 30 கி.மீ. என்பது 1:87இல் மீட்டருக்குப் பத்தரை வினாடி சுமார். டி.சி.சி.யில் டிகோடரின் அமைப்பு எண்களைச் சி.வி. என்பார்கள். தொடக்க வேகத்துக்கு சி.வி. 2, நடு வேகத்துக்கு 6, உச்ச வேகத்துக்கு 5 ஆகியவற்றை மாற்றி மாற்றி, இரண்டின் நேரமும் ஒன்றாகும் வரை பாருங்கள். வேகம் எடுக்கும் விதத்தைத் தீர்மானிக்கும் சி.வி. 3, நிற்கும் விதத்தைத் தீர்மானிக்கும் 4 இரண்டும் இரு எஞ்சினிலும் ஒரே எண்ணாக இருக்கட்டும். சிறு வேறுபாடு தவிர்க்கமுடியாவிட்டால் பேங்கர் மெதுவான எஞ்சினாக இருக்கட்டும். முன் எஞ்சினை முந்தப்பார்க்கும் பேங்கர் நடுப்பெட்டிகளைக் கவிழ்த்துவிடும்.

ஐந்தாம் படி: டைம்டேபிள் எழுதுவது

முதல் செஷனுக்குக் கடிகாரமே வேண்டாம். வரிசை மட்டும் எழுதுங்கள். உதாரணத்துக்கு:

1. செங்கோட்டையிலிருந்து காலைப் பாசஞ்சர் புறப்பட்டு ஆரியங்காவில் லூப் லைனில் (வழிவிட்டு ஒதுங்கும் பக்கப்பாதையில்) நிற்கும்.
2. கொல்லம் பக்கத்திலிருந்து மெயில் வந்து, ஆரியங்காவில் பாசஞ்சரை எதிரெதிராகக் கடந்து, அதாவது கிராஸ் செய்து, செங்கோட்டை வழியாகக் கிழக்கு மறைவு யார்டுக்குப் போகும்.
3. பாசஞ்சர் தென்மலை, புனலூருக்குத் தொடரும்.
4. புனலூரிலிருந்து கூட்ஸ் வண்டி பேங்கரோடு மலை ஏறும்.
5. பேங்கர் லைட் எஞ்சினாக, அதாவது பெட்டி இல்லாமல் தனியே, புனலூர் திரும்பும்.

ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது, யாருக்கும் அவசரமில்லை. இரண்டு மூன்று செஷன் இப்படி ஓட்டியபின் ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வைத்திருப்பீர்கள். அப்போது வரைபடத்தாள் எடுத்து கண்ட்ரோல் சார்ட் வரையுங்கள். குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. இரண்டு கோடுகள் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே கிராஸிங். அந்த வெட்டு ஸ்டேஷன் கோட்டின்மேல் விழாமல் நடுவழியில் விழுந்தால் நேரத்தை மாற்றியாகவேண்டும். ரயில்வேயில் செக்ஷன் கண்ட்ரோலர் வேலை செய்வதும் இதே வகைச் சார்ட்டில்தான். டைம்டேபிளை அட்டவணையாக எழுதி மண்டையை உடைப்பதைவிட, கோடு கோடாக வரைந்தால் கோளாறு தானே தெரியும்.

பிறகு வேகக் கடிகாரம். உண்மையான ஒரு நிமிடத்துக்கு லேஅவுட் கடிகாரம் 4 நிமிடம் ஓடினால், மூன்று மணி நேரச் செஷனில் காலை 6 முதல் மாலை 6 வரை ஒரு பகல் முழுதும் அடங்கும். ஸ்டேஷன்களுக்கு இடையே 4 மீட்டர் பாதை இருந்தால், 30 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 42 வினாடி, அதாவது கடிகாரத்தில் 3 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் அதிகமுள்ள லேஅவுட்டில் 4 மடங்குக்கு மேல் போகாதீர்கள். கையால் செய்யும் வேலை எதுவும் கடிகாரத்தோடு சேர்ந்து வேகமாகிவிடாது. போனில் இதற்கென்று செயலிகள் உண்டு. பழைய டேப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

ஆறாம் படி: லைன் கிளியர்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒற்றைப்பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாமல் காப்பது வேகமும் இல்லை, கண்ணும் இல்லை, விதி மட்டுமே. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே உள்ள பிளாக் செக்ஷனில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, தராமல் இங்கிருந்து வண்டியை அனுப்பக்கூடாது. இதற்காக நம் ரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது நீல்ஸ் பால் டோக்கன் கருவி. இரு ஸ்டேஷனிலும் ஒவ்வொன்று இருக்கும். ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மறுமுனையிலோ இந்த முனையிலோ திரும்பப் போடப்படும் வரை இரண்டு கருவியிலிருந்தும் இன்னொரு பந்து வராது. அந்தப் பந்தைத் தோல்பையில் போட்டுப் பெரிய வளையத்தோடு டிரைவர் கையில் கொடுப்பார்கள். ஓடும் வண்டியில் அந்த வளையத்தை வாங்கும் காட்சி மீட்டர் கேஜ் காலத்தவர்களுக்குக் கண்ணில் நிற்கும்.

லேஅவுட்டில் இப்படிச் செய்யுங்கள். மூன்று பிளாக் செக்ஷனுக்கு மூன்று நிறத்தில் மரமணிகள். ஒவ்வொரு ஸ்டேஷன் மேஜையிலும் ஒரு கிண்ணத்தில் நாலைந்து மணி. மணி கையில் இல்லாமல் எந்த டிரைவரும் ஸ்டேஷன் சிக்னலைத் தாண்டக்கூடாது. கருவி தரும் பூட்டு நம்மிடம் இல்லை, ஆகவே அந்த இடத்தைப் பிரைவேட் நம்பரால் நிரப்பலாம். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் உறுதிமொழி கொடுக்கும்போது ஒழுங்கற்ற வரிசையில் அச்சிட்ட இரண்டிலக்க எண் பட்டியலிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லி, அதை அடித்துவிடுவார்கள். நீங்களும் ஸ்டேஷனுக்கு ஒரு பட்டியல் எழுதிவையுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

"ஆரியங்காவு, அண்ணாச்சி, இங்க செங்கோட்டை. பாசஞ்சருக்கு லைன் கிளியர் வேணும்."

"லைன் காலியா இருக்கு. லைன் கிளியர் தந்தேன். நம்பர் 47."

"47. குறிச்சாச்சு."

இந்த மூன்று வரியை நோட்டில் நேரத்தோடு எழுதியபின்தான் கிண்ணத்திலிருந்து மணி வெளியே வரும். வண்டி ஆரியங்காவு வந்து, கடைசிப் பெட்டியின் பின்விளக்கையும் பார்த்தபின், மணியை அங்குள்ள கிண்ணத்தில் போட்டு, வந்துசேர்ந்தது என்று செங்கோட்டைக்குச் சொல்லவேண்டும். கடைசிப் பெட்டியைப் பார்ப்பது சடங்கு இல்லை. நடுவழியில் கப்ளிங் விட்டு இரண்டு வேகன் குகைக்குள் நின்றிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் ஒரே வழி அதுதான். லேஅவுட்டில் இது உண்மையாகவே நடக்கும்.

புனலூர்ப் பக்கத்து நண்பர்கள் வந்தால் போனில் மலையாளமும் தமிழும் கலந்து ஓடும். நம் பக்கத்தில் அது இயல்பு. எண்ணை மட்டும் இரண்டுபேரும் திரும்பச் சொல்லி உறுதிசெய்யவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: வேகனுக்கு வேலை

பாசஞ்சர் வண்டிக்கு டைம்டேபிள் போதும். வேகனுக்குச் சரக்கு வேண்டும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு கெட்டியட்டை: வகை, எண், நிறம். அட்டையின் அடியில் ஒரு பை. அதில் ஒரு சீட்டு. சீட்டின் நாலு முனையிலும் நாலு பயணம் எழுதியிருக்கும். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் சீட்டைத் திருப்பினால் அந்த வேகனுக்கு அடுத்த வேலை தயார்.

சரக்கு எதுவென்று யோசிக்கவே வேண்டாத பிரதேசம் நம்முடையது. புனலூர்ப் பேப்பர் மில்லுக்கு மூங்கில், அங்கிருந்து காகித உருளை. மலையிலிருந்து தேயிலை, ரப்பர், மரம். கொல்லம் பக்கம் முந்திரி. கிழக்கிலிருந்து தூத்துக்குடி உப்பு, தாழையூத்துச் சிமெண்ட், அரிசி. ஒரு உப்பு வேகனின் சீட்டு இப்படி இருக்கலாம்: கிழக்கு மறைவு யார்டிலிருந்து புனலூர் கூட்ஸ் ஷெட், அங்கிருந்து காலியாகப் பேப்பர் மில், மில்லிலிருந்து காகிதத்தோடு செங்கோட்டை யார்டு, அங்கிருந்து காலியாகக் கிழக்கு. எந்தச் சைடிங்கிலும் பாதிக்கு மேல் வேகன் நிறைக்காதீர்கள். இடம் இல்லாத யார்டில் ஷண்டிங் நடக்காது, சிக்கல் மட்டுமே நடக்கும்.

செஷன் நாள்

முந்தைய நாள் இரவே தண்டவாளம் துடைத்து, ஒவ்வொரு எஞ்சினையும் அது போகவேண்டிய பாதை முழுதும் ஒருமுறை ஓட்டி, வேகன்களை அவற்றின் சீட்டு சொல்லும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். காலையில் செய்யலாம் என்று விட்டால் நண்பர்கள் வந்தபின்னும் நீங்கள் துணியோடு நின்றிருப்பீர்கள்.

ஆட்கள் எட்டுப்பேர் இருந்தால் நல்லது: ஒரு கண்ட்ரோலர், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டர், ஆரியங்காவு தென்மலை இரண்டுக்கும் சேர்த்து ஒருவர், மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக டிரைவரும் கார்டும். நாலுபேர்தான் என்றால் கண்ட்ரோலரே நடு ஸ்டேஷன்களைப் பார்க்கலாம். புதிதாக வந்தவரை முதலில் கார்டாகப் போடுங்கள். சீட்டுகளைப் பார்த்து எந்த வேகன் எங்கே என்று சொல்வது அவர் வேலை. பாதை அவருக்குத் தானே மனப்பாடமாகும். பெரியவர்களுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலி. நின்றுகொண்டே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டுவது முதுகுக்கு நல்லதல்ல.

தொடங்கும் முன் பத்து நிமிடம் விளக்கம் சொல்லுங்கள். அதோடு ஒரு காஷன் ஆர்டர் எழுதி எல்லா டிரைவருக்கும் கொடுங்கள். பதிமூன்று கண் பாலத்தில் 15 கி.மீ., குறிப்பிட்ட பாயிண்ட்ஸ் சந்தேகம், மெதுவாக. ரயில்வேயில் வேகக் கட்டுப்பாட்டை டிரைவருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இது. நீங்கள் சரிசெய்ய நேரமில்லாமல் விட்ட இடங்களை இப்படி ஆட்டத்தின் பகுதியாகவே ஆக்கிவிடலாம்.

ஓடும்போது கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. தடம்புரண்டால் முதலில் வண்டியை நிறுத்து, பிறகு கண்ட்ரோலருக்குச் சொல், பிறகுதான் கை வை. மற்றவர் வண்டியைத் தொடாதே. டீயும் முறுக்கும் வேறு மேஜையில். கண்ட்ரோலர் குரல் உயரக்கூடாது. வண்டி தாமதமானால் சார்ட்டில் கோட்டை மாற்றி வரைந்து அடுத்த கிராஸிங்கை எங்கே வைப்பது என்று பார்ப்பதுதான் அவர் வேலை. தாமதமே இல்லாத செஷனில் கண்ட்ரோலருக்கு வேலையே இருக்காது, ஆகவே தாமதத்துக்காக யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஒவ்வொரு டிரைவரிடமும் சின்னச் சீட்டுக்கட்டு இருக்கட்டும். கோளாறு நடந்த உடனே மூன்றே விவரம் எழுதவேண்டும்: எந்த வண்டி, எந்த இடம், என்ன நடந்தது. 'தென்மலை மேற்குப் பாயிண்ட்ஸ், லூப்புக்குப் போகும்போது, மூன்றாவது பெட்டியின் முன்போகி' என்று எழுதியிருந்தால் மறுநாள் நேரே அங்கே போகலாம். 'பெட்டி அடிக்கடி விழுகிறது' என்ற சீட்டால் ஒரு பயனும் இல்லை.

செஷன் முடிந்த பிறகு

வண்டிகளை இருந்த இடத்திலேயே விடுங்கள். மறைவு யார்டில் வந்து நின்ற வண்டிதான் அடுத்த செஷனில் அங்கிருந்து புறப்படும் வண்டி. கால்மணி நேரம் உட்கார்ந்து எங்கே நெரிசல், எந்த ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருந்தார், எந்த வண்டிக்கு நேரம் போதவில்லை என்று பேசுங்கள். கண்ட்ரோல் சார்ட்டில் திட்டமிட்ட கோடும் உண்மையில் ஓடிய கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஆகவே வாக்குவாதத்துக்கு இடமில்லை.

பிறகு கோளாறுச் சீட்டுகளை இரண்டு விதமாக அடுக்குங்கள்: ஒருமுறை இடத்தின்படி, ஒருமுறை வண்டியின்படி. ஒரே இடத்தில் வெவ்வேறு வண்டிகள் விழுந்திருந்தால் குற்றம் பாதையில். ஒரே வேகன் வெவ்வேறு இடங்களில் விழுந்திருந்தால் குற்றம் அதன் சக்கரத்தில் அல்லது எடையில். ஒரே வேகன், ஒரே இடம் என்றால் இரண்டிலும் கொஞ்சம். மேலே சொன்ன ஒன்று முதல் நான்கு வரையுள்ள படிகளில் எங்கே திரும்பவேண்டும் என்பதை இந்த அடுக்கு சொல்லிவிடும். சரிசெய்த தேதியைச் சீட்டின் பின்பக்கம் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சாரல் மாதங்களில் எந்தெந்த இணைப்பு தொல்லை தருகிறது, சித்திரையில் எது நெளிகிறது என்று ஓராண்டுச் சீட்டுகளைப் பார்த்தால் தெரியும்.

அடுத்த செஷன் ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் தள்ளிப்போனால் தண்டவாளமும் மங்கும், ஆட்களுக்கு விதியும் மறக்கும். இடைப்பட்ட நாட்களில் லேஅவுட்டைப் பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே ஈரம் தங்கி மலைகளில் பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒருமுறை துணியை எடுத்து, ஒரே ஒரு எஞ்சினை மட்டும் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அது தயங்கிய இடத்தில் ஒரு காகிதக் கொடி குத்திவையுங்கள். அடுத்த செஷனுக்கு முந்தைய நாள் வேலை அங்கிருந்து தொடங்கும்.